தலையில் அடிபட்டு மாதங்கள் ஆகியும் தீரவில்லையா? கன்கஷனும் பதற்றமும் சேர்ந்து வரும்போது செய்ய வேண்டியவை

கபடியில் நான் இடது கார்னரில் நின்று பிடிப்பவன். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ரெய்டர் போனஸ் கோட்டுக்கு வந்தார், நானும் பக்கத்தில் கவர் இடத்தில் நின்ற ஆட்டக்காரரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம், அவர் குனிந்து நழுவிவிட்டார், எங்கள் தலைகள் மோதிக்கொண்டன. மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு மீதி ஆட்டத்தையும் ஆடினேன். மறுநாள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததும் மேசை சுற்றியது. குமட்டிக்கொண்டு வந்தது.

அதிலிருந்து மீள எனக்கு ஏழு மாதம் பிடித்தது. பாதி அடியினால், மீதி அந்த அடியைப் பற்றிய பயத்தினால் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எது எதனால் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பினாங்கில் கபடி, கால்பந்து, ரக்பி, முவாய் தாய் என்று ஆடிவிட்டு இதே நிலையில் வீட்டில் படுத்திருக்கும் தம்பி தங்கைகள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதைச் செய்ய வேண்டும் என்று கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டவன்.

முதல் படி: ஆபத்தான அறிகுறி இருக்கிறதா?

தலைவலி நேரம் போகப் போகக் கூடுகிறது, வாந்தி திரும்பத் திரும்ப வருகிறது, வலிப்பு வந்தது, ஆள் அரைத் தூக்கத்திலேயே இருக்கிறார் அல்லது எழுப்பினால் எழவில்லை, பேச்சு குழறுகிறது, கை காலில் பலமில்லை அல்லது மரத்துப்போகிறது, பார்வை இரட்டையாகத் தெரிகிறது, கழுத்து கடுமையாக வலிக்கிறது, வழக்கத்துக்கு மாறாக முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார். இவற்றில் ஒன்று இருந்தாலும் 999ஐ அழையுங்கள், அல்லது உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மயக்கம் போடவில்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். கன்கஷன், அதாவது அடியின் அதிர்ச்சியில் மூளையின் வேலை குழம்புவது, ஆனவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட மயக்கம் வருவதில்லை. நான் ஏமாந்தது அங்கேதான்.

இரண்டாம் படி: ஸ்கேன் சரியாக வந்தால் என்ன அர்த்தம்?

எனக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். "ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஏன் எனக்கு வெளிச்சம் குத்துகிறது? அப்போ எனக்குப் பைத்தியமா? பதற்றத்தின் விதை அன்றைக்கே விழுந்துவிட்டது.

சிடி ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். அவை இல்லை என்பது நிஜமாகவே நல்ல செய்தி. ஆனால் கன்கஷன் என்பது மூளை வேலை செய்யும் விதத்தில் வரும் கோளாறு, அது அந்தப் படத்தில் விழாது. அடி விழுந்ததும் மூளைச் செல்களில் இருக்கும் பொட்டாசியம் வெளியே ஓடுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய செல்களுக்கு நிறைய சக்தி தேவைப்படுகிறது, அதே நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. இந்தச் சக்தித் தட்டுப்பாடு பெரும்பாலும் நாட்களில், சில வாரங்களில் அடங்கிவிடும்.

அதற்குப் பிறகும் அறிகுறிகள் நீடித்தால் அவற்றுக்குப் பின்னால் பொதுவாக வேறு காரணங்கள் சேர்ந்திருக்கும்: கழுத்து, உள்காது, கண், தூக்கம், மனம். மூளை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கிறது என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை. தலைவலி கூடும் ஒரு நாள், காயம் கூடிய நாள் ஆகாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதியத்தான் எனக்கு நீண்ட நாள் ஆனது.

மூன்றாம் படி: முதல் இரண்டு நாள்

2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் விளையாட்டுக் கன்கஷன் பற்றிய ஆறாவது அனைத்துலக மாநாடு நடந்தது. அதன் அறிக்கை 2023இல் வெளிவந்தது. இருட்டறையில் நாள்கணக்கில் படுத்திருக்கும் பழைய முறையை அது ஏற்கவில்லை. 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, கைப்பேசியும் திரையும் குறைவு, ஆனால் வீட்டுக்குள் நடமாட்டம், மெதுவான நடை. அவ்வளவுதான்.

வலிக்கு பனடோல் (பாராசிட்டமால்) போதும். ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். பீர் வேண்டாம். மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். யாராவது கழுத்தைத் திருப்பி நெட்டி எடுத்துவிடுகிறேன் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள், அடிபட்ட கழுத்தில் ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து இருக்கிறது. என் அம்மா திருஷ்டி கழித்தார், தண்ணீர்மலைக் கோயில் திருநீறு பூசினார். அதனால் ஒரு கெடுதலும் இல்லை, எனக்கு அன்று தூக்கமும் வந்தது.

நான்காம் படி: நான்கு வாரம் கடந்துவிட்டால் பிரித்துப் பாருங்கள்

நான்கு வாரத்துக்கு மேல் நீண்டால் அதை நீடித்த அறிகுறி என்று அந்த அறிக்கை சொல்கிறது. அப்போது "தலை சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. எது, எப்போது, எதைச் செய்தால் வருகிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். நாளுக்கு ஒரு முறை, இரவில், ஐந்து நிமிடம். மணிக்கு ஒரு முறை எழுதினால் நோயைக் காவல் காப்பது போல் ஆகிவிடும்.

அந்தத் தாளோடு பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார கிளினிக்) போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கிருந்து நிபுணருக்கும் பிசியோவுக்கும் கடிதம் வாங்கலாம். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் விளையாட்டு மருத்துவப் பிரிவு இருக்கிறது, செராஸில் அரசாங்கத்தின் மறுவாழ்வு மருத்துவமனையும் இருக்கிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதை நான் இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

படுக்கையில் புரண்டால், மேலே அண்ணாந்து பார்த்தால் சில நொடிகள் உலகமே சுழல்கிறதா? உள்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். எப்ளி என்ற முறையில் தலையை வரிசையாகச் சாய்த்து அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பலருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகிவிடும். இதைச் சோதிக்காமல் மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை.

தலைவலி பின்கழுத்திலிருந்து கிளம்பி நெற்றிக்கு வருகிறதா? கழுத்துத் தசையும் மூட்டும் காரணமாக இருக்கலாம். தலை மோதும் வேகம் கழுத்தையும் விடுவதில்லை. 2014இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், கழுத்துக்கும் சமநிலைக்கும் சேர்த்துப் பிசியோ பெற்றவர்களில் 73 விழுக்காட்டினர் எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்ப அனுமதி பெற்றார்கள். ஓய்வும் சாதாரணப் பயிற்சியும் மட்டும் பெற்றவர்களில் 7 விழுக்காடு. ஆய்வில் இருந்தவர்கள் 31 பேர்தான், சிறியது. ஆனாலும் எனக்கு இது பெரிய நம்பிக்கை.

கிட்டத்தில் படித்தால் எழுத்து இரண்டாகிறதா, வரி தவறுகிறதா? இரண்டு கண்களும் உள்நோக்கிச் சேரும் வேலையில் குறை இருக்கலாம். வெறும் பவர் சோதனையில் இது தெரியாது, தனியாகக் கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். மைக்ராஸ்கோப் வேலை எனக்கு ஏன் அத்தனை கொடுமையாக இருந்தது என்று இதைச் சோதித்த பிறகுதான் விளங்கியது.

எழுந்து நின்றால் தலை லேசாகி நெஞ்சு படபடக்கிறதா? படுத்தும் நின்றும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: தினமும் நடங்கள், அளவோடு

அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெடி குழுவினர் 2019இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கன்கஷன் ஆன 103 இளையோரில் ஒரு பகுதியினர் அறிகுறி கிளம்பாத அளவுக்குத் தினமும் இதயத்துடிப்பு கூடும் உடற்பயிற்சி செய்தார்கள், மற்றவர்கள் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும். முதல் குழு சராசரியாக 13 நாளில் தேறியது, மற்றது 17 நாளில். அளவான உடற்பயிற்சி குணமாவதைத் தடுப்பதில்லை, துணையாக இருக்கிறது.

அளவு எது? தொடங்கும் முன் உங்கள் அறிகுறிக்குப் பத்தில் ஒரு எண் கொடுங்கள். நடக்கும்போது அது இரண்டு எண்ணுக்கு மேல் கூடக்கூடாது. கூடியதும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அதற்குள் இருந்தால் தொடரலாம். தாண்டினால் நிறுத்திவிட்டு, மறுநாள் கொஞ்சம் குறைத்து ஆரம்பியுங்கள். குறைப்பதுதான், விட்டுவிடுவது கூடாது.

நான் தாவரவியல் பூங்காவில் காலை ஏழு மணிக்கு நடந்தேன். மரநிழல், வாகனச் சத்தம் குறைவு, நடுவில் உட்கார இடம் உண்டு. முதல் வாரம் பத்து நிமிடம். மூன்றாம் வாரம் இருபது. குரங்குகள் பக்கத்தில் பாய்ந்தால் தலையைத் திருப்பிப் பார்க்கவே பயமாக இருந்த காலம் அது. அப்புறம் அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டேன்: நடந்தபடி இடது பக்க மரம், வலது பக்க மரம் என்று மெதுவாகத் தலையைத் திருப்புவது. பிசியோ சொல்லிக்கொடுத்ததும் இதே மாதிரிதான். பினாங்கு வெயிலில் பதினொரு மணிக்கு நடந்துவிட்டு மயக்கம் வந்தால் கன்கஷன் மேல் பழி போடாதீர்கள். தண்ணீர் எடுத்துப்போங்கள்.

ஆறாம் படி: பதற்றத்தை நேராகப் பாருங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

இரண்டாவது மாதம் ஒரு ஹைப்பர்மார்க்கெட்டில் அரிசி வாங்க நின்றேன். நீளமான அலமாரிகள், வெள்ளை விளக்கு, தள்ளுவண்டிகள். தரை சாய்வது போல் இருந்தது. நெஞ்சு அடித்தது, விரல் நுனி சுரசுரத்தது, உதடு மரத்தது. மூளையில் ரத்தம் கசிகிறது, இங்கேயே விழப்போகிறேன் என்று நினைத்தேன். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன். வெளியே வந்த ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு நான்கு மாதம் எந்தக் கடைக்கும் போகவில்லை.

நடந்தது இதுதான். அடிபட்ட பிறகு சமநிலைக்கு மூளை கண்ணையே அதிகமாக நம்பத் தொடங்குகிறது. பெரிய கடையின் வரிசைகள் அந்தக் கண்ணைக் குழப்பின, லேசாகத் தலை சுற்றியது. அந்தச் சுற்றலைப் பார்த்துப் பயந்தேன். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினேன். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், குறைந்தால் தலை சுற்றும், விரலும் உதடும் மரக்கும். அதைப் பார்த்து இன்னும் பயந்தேன். முதல் சுற்றல் அடியினால் வந்தது, அடுத்தடுத்து வந்தது எல்லாம் பயம் கொண்டுவந்தது. இரண்டும் உண்மையான உடல் உணர்வுகள். யாராவது "எல்லாம் உன் நெனப்புதான்" என்றால் அவர் பாதியைக்கூடப் புரிந்துகொள்ளவில்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: இடத்தை விட்டு ஓடாமல், அசையாத ஒரு பொருளைப் பார்த்து நில்லுங்கள், தூணோ சுவரோ எதுவானாலும் சரி. மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஆழமாக இழுக்க முயலாதீர்கள், வெளியே விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். வயிறு அசையட்டும், தோள் உயரக் கூடாது. சில நிமிடங்களில் அலை இறங்கும். இறங்கிய பிறகு கிளம்புங்கள். உச்சத்தில் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பயப்படும்.

அடுத்தது, விட்டுப்போன இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்புவது. என் ஏணி: கடையின் கார் நிறுத்துமிடத்தில் காடிக்குள் பத்து நிமிடம். கடை திறந்ததும் கூட்டமில்லாத நேரத்தில் வாசல் வரை. ஒரு பொருள் மட்டும் வாங்கி வருவது. இரண்டு வரிசை. கடைசியில் சனிக்கிழமை மாலை. ஒவ்வொன்றையும் பயம் பாதியாகும் வரை திரும்பத் திரும்பச் செய்தேன். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடுவதையும், நாள் முழுக்கக் காதில் பஞ்சு வைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தையும் சத்தத்தையும் அறவே தடுத்தால் கூச்சம் கூடத்தான் செய்யும். ஆனால் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கவும் வேண்டாம். அந்த வருடத் தைப்பூசத்துக்கு நான் விடியற்காலையில் காதடைப்பானோடு போய், தண்ணீர்ப் பந்தல்களில் ஆட்டம் பாட்டம் சூடு பிடிக்கும் முன் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். போகாமலே இருந்திருந்தால் மனம் இன்னும் சுருங்கியிருக்கும்.

இரவு இரண்டு மணித் தேடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சிடிஇ என்ற மூளை நோயைப் பற்றிப் படித்துப் படித்தே நடுங்கினேன். 2002இல் இறந்த அமெரிக்கன் ஃபுட்பால் (ரக்பி போன்ற ஆட்டம்) வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை மருத்துவர் பென்னட் ஒமாலு ஆராய்ந்த பிறகு பரவலாகப் பேசப்பட்ட நோய் அது. வருடக்கணக்கில் திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடிகளோடு தொடர்புடையது. இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் உறுதிசெய்ய முடியும். ஆராயப்பட்ட மூளைகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே சந்தேகம் கொண்ட குடும்பங்கள் தானமாகக் கொடுத்தவை. ஒரே ஒரு கன்கஷனுக்குப் பிறகு மூன்றாவது மாதம் மறதியும் எரிச்சலும் இருப்பதை வைத்து நமக்கு அந்த நோய் என்று முடிவு கட்ட முடியாது. தூங்காதவனுக்கும் பயந்தவனுக்கும் மறதி வரும்.

மனநல உதவி கேட்பதைக் கடைசி வழியாக வைக்காதீர்கள். இதற்கு முன்பே பதற்றம் இருந்தவர்களுக்குக் குணமாகக் கூடுதல் நாள் பிடிக்கலாம், அதனால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி சிகிச்சை இதற்கு உதவுகிறது. சுகாதார அமைச்சின் மெந்தாரி மனநல மையங்களைப் பற்றி உங்கள் கிளினிக்கில் கேளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. வாழப் பிடிக்கவில்லை, சாகலாம் போல் இருக்கிறது என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் தனியாக இருக்காதீர்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் இருக்கிறார்கள். உடனடி ஆபத்தென்றால் 999.

ஏழாம் படி: வேலை

எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்து எடுத்துத் தீர்ந்துபோகும். மலேசிய வேலைச் சட்டப்படி ஆண்டுக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. அதனால் நாள் நாளாக விடுப்பு எடுப்பதைவிட, மருத்துவரிடம் இலகு வேலைக்குக் கடிதம் கேட்பது நல்லது. அதில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்: இரவு ஷிஃப்ட் வேண்டாம், மைக்ராஸ்கோப்பும் திரையும் ஒரு நேரத்தில் இருபது நிமிடம், மணிக்கொரு முறை சிறிய ஓய்வு, இரண்டு வாரம் கழித்து மறுபரிசீலனை. "முடிந்த வேலையைச் செய்யலாம்" என்று மட்டும் எழுதினால் சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியாது. என் முதல் கடிதம் அப்படித்தான் வீணானது.

தொழிற்சாலை பஸ்ஸில் பினாங்குப் பாலத்தைக் கடப்பவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பாருங்கள். கைப்பேசி பார்த்தால் குமட்டும்.

எட்டாம் படி: தூக்கமும் மாத்திரையும்

ஒரே நேரத்தில் எழுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்குள். மதியத்துக்குப் பிறகு கோப்பி, தே தாரிக் வேண்டாம். பசியாறாமல் வேலைக்குப் போகாதீர்கள், பசியே தலைவலி கிளப்பும். பனடோல் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலி கொண்டுவரும். அந்த அளவுக்கு வந்துவிட்டால் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

ஒன்பதாம் படி: வீட்டில் ஒருவருக்காவது புரியட்டும்

வெளியே கட்டு இல்லை, தையல் இல்லை. அதனால் யாரும் நம்ப மாட்டார்கள். எல்லோருக்கும் விளக்கிச் சோர்ந்துபோகாதீர்கள். எனக்கு என் அக்கா போதுமாக இருந்தார். "ஒரு நாளைக்கு மூணு தடவை தலை வலிக்குதான்னு கேக்காதக்கா, சாயந்திரம் நடக்கப் போலாமான்னு கேளு" என்று சொன்னேன். அப்படியே செய்தார். கேட்கும்போதெல்லாம் மனம் தலைக்குள் போய் வலியைத் தேடும். நடக்கக் கூப்பிட்டால் கால் வெளியே போகும்.

பத்தாம் படி: திடலுக்குத் திரும்புவது

ஆம்ஸ்டர்டாம் அறிக்கையில் ஆறு கட்டம் இருக்கிறது. அன்றாட நடமாட்டம். பிறகு இதயத்துடிப்பைக் கூட்டும் பயிற்சி, முதலில் உச்சத் துடிப்பில் 55 விழுக்காடு வரை, அப்புறம் 70 வரை. 220இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகத் தெரியும், 30 வயதுக்காரருக்கு 190. அதில் 55 விழுக்காடு ஏறக்குறைய 105, 70 விழுக்காடு 133. மூன்றாவது, தனியாகச் செய்யும் ஆட்டப் பயிற்சி. நான்காவது, மோதல் இல்லாத குழுப் பயிற்சி. ஐந்தாவது, மோதலோடு முழுப் பயிற்சி. ஆறாவது, போட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது 24 மணி நேரம். நான்காவதைத் தொடும் முன் அறிகுறிகள் தீர்ந்திருக்க வேண்டும், மருத்துவர் அனுமதிக்க வேண்டும். மாதக்கணக்கில் நீண்டவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாரம் இருங்கள் என்பேன். இது என் சொந்தக் கருத்து.

உடம்பு தயாரான பிறகும் பயம் இருக்கும். ஒருவர் பாய்ந்து வந்தால் எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கப்போனால் மறுபடி அடிதான். அதனால் நண்பன் ஒருவனை மெதுவாக நடந்து வரச் சொல்லி, தலையை ரெய்டரின் உடம்புக்கு வெளிப்பக்கம் வைத்துக் கணுக்காலைப் பிடிக்க மறுபடி முதலிலிருந்து பழகினேன். இருவர் சேர்ந்து பாயும்போது யார் மேலே, யார் கீழே என்று குரல் கொடுப்பதையும் பழகினோம். அன்று பிறையில் நாங்கள் இருவரும் வாய் திறக்கவே இல்லை.

ஐந்தாவது கட்டம் வரை வந்துவிட்டேன். செவ்வாயும் வியாழனும் பயிற்சிக்குப் போகிறேன். போட்டிக்கு இன்னும் இறங்கவில்லை, இந்த வருடம் வேண்டாம் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்திருக்கிறேன். இப்போதைக்குக் குழுவில் என் வேலை, தலையில் அடிபட்டவரை வெளியே கூட்டி வருவது. எந்தத் திடலில் இருக்கிறோம், இது எந்தப் பாதி, கடைசிப் புள்ளி யாருக்கு, போன ஆட்டம் யாரோடு, அதில் ஜெயித்தோமா என்று ஐந்து கேள்வி கேட்கிறேன். ஒன்று தடுமாறினாலும் நேரே மருத்துவமனைக்கு. ஐந்துக்கும் சரியாகச் சொன்னாலும் அன்றைக்கு அவர் திரும்ப இறங்குவதில்லை. "நல்லாத்தாண்ணே இருக்கேன்" என்பார்கள். தோளில் கை போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.